பெரியப்பாவுக்கு எந்த ஓடை

நான் பிறந்த லயம், தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடு, மலையின் முதுகில் இருந்தது. அப்புத்தளையிலிருந்து கிழக்கே நீளும் அந்த மலைத்தொடரில், எங்கள் முன்கூரையில் விழுந்த மழை தெற்கே கொஸ்லந்தைப் பள்ளத்துக்கு இறங்கியது. பின்கூரையில் விழுந்த மழை வடக்கே வழிந்தது. லயத்துக்கு முன்னால் ஒரு ஓடை, பின்னால் ஒரு ஓடை. முன்னோடையில் ஆண்கள் குளித்தார்கள், பின்னோடையில் பெண்கள் துணி துவைத்தார்கள். பூகோள சாஸ்திரத்தில் இது ஒரு பெரிய சங்கதி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. மழை பெய்தால் இரண்டு பக்கமும் சேறு என்பது மட்டும் தெரியும்.

இன்று நான் ஒரு பாடசாலையில் உதவி உபாத்தியாயர். மலையில் தண்ணீர் பிரியும் இடத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கரும்பலகையில் ஒரு கூரையைத்தான் வரைந்து காட்டுகிறேன். அது எந்த லயத்தின் கூரை என்று அவர்களிடம் சொல்வதில்லை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அந்த எழுத்தை நம்பி ஒருவர் ஒரு பகல் முழுவதும் மலையிறங்கி நடந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

எங்கள் லயத்தின் முன்னால் நின்றால், மழை விட்ட மாலைகளில், அடுக்கடுக்காக இறங்கும் மலைகளுக்கும் அவற்றுக்கப்பால் பச்சையாகப் பரந்த காட்டுக்கும் அந்தப் பக்கம் ஒரு வெள்ளிக் கோடு தெரியும். அது கடல். எந்தக் கடல் என்ற கேள்வியே எங்களுக்குள் எழுந்ததில்லை. அங்கே இருந்த பெரியவர்கள் எல்லாரும் வாழ்நாளில் பார்த்தது ஒரே ஒரு கடலைத்தான். இராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் தோணியில் தாண்டி வந்த கடல் அது. இறங்கிய கரையிலிருந்து காட்டு வழியாகவும் கண்டி வழியாகவும் வாரக்கணக்கில் வளைந்து வளைந்து ஏறி வந்தவர்களுக்கு, மலை உச்சியில் நின்று திரும்பிப் பார்க்கும்போது கடல் தெரிந்தால், அது வேறு எந்தக் கடலாக இருக்க முடியும்?

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, லயத்துக்கு முன்னால் இருந்த பாறையில் ஏறி நிற்பார். வெள்ளிக் கோடு தெரிந்தால் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவார். மூடுபனி மறைத்திருந்தால் பனியைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வருவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைப் பெற்றவர்கள் ஊரில் வந்த கொள்ளைநோயில் போய்விட்டார்கள். அதன் பிறகு சின்னப் பையனாக இருந்த அப்பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு இந்த நாட்டுக்கு நடந்து வந்தவர் அவர்தான். அப்பாவுக்கு அண்ணனும் அவர்தான், அப்பாவும் அவர்தான்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்த வருடம், மாரிக்குளிரில் சளி கட்டிப் பெரியப்பா இறந்துபோனார். கடைசியாக அவர் அப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்.

“என்னைய ராமேஸ்வரத்துக் கடல்ல சேத்துருடா.”

அப்பா தலையாட்டினார். லயத்தில் யாருக்கும் அது கடினமான காரியமாகத் தோன்றவில்லை. முன்னோடை அந்த வெள்ளிக் கோட்டை நோக்கித்தானே இறங்குகிறது? சாம்பலையும் எலும்பையும் அதில் கரைத்துவிட்டால் தண்ணீர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காடாற்றி முடித்து, அஸ்தியைப் புதுக் கலயத்தில் இட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, லயத்துக்கு வெளியே கொய்யா மரத்தில் தொங்கவிட்டார்கள். அஸ்திக் கலயம் வீட்டுக்குள் வரக்கூடாது, தரையிலும் படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். தரையில் வைத்தால் போகிற உயிர் அங்கேயே உட்கார்ந்துவிடும் என்பார்கள்.

அன்று மாலை எல்லாரும் முன்னோடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்தேன். எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் இலங்கைப் படம் ஒன்று தொங்கியது. அதன் இடப்பக்க மேல் மூலையில் இந்தியாவின் ஒரு துண்டும், நீட்டிய விரல் போல இராமேஸ்வரமும் இருந்தன. நாங்கள் இருக்கும் இடமோ படத்தில் கீழே. இந்தியாவில் இருக்கும் நம் ஊர் வடக்கே இருக்கிறது, முன்னால் தெரிகிற கடல் தெற்கே இருக்கிறது, ஆகையால் முன்னோடையில் கரைத்தால் பெரியப்பா நேர் எதிர்த் திசையில் போய்விடுவார் என்று சொன்னேன்.

அம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடு அதே லயத்தில் இருந்தார். எதையும் சிரிப்பாக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

“அப்படிங்களா மருமகனே? அப்ப இத்தன வருசமா ஒங்க பெரியப்பா கும்புட்டது யாரு வீட்டுக் கடல?”

லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என்னை முறைத்தாள். இழவு வீட்டில் அதிகப்பிரசங்கித்தனம் செய்வதற்கா பள்ளிக்கூடம் அனுப்பினேன் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் விடியும்போது என்னை எழுப்பி, அந்தப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தார்.

“ஒனக்குத் தெரிஞ்சதக் காட்டு,” என்றார் அப்பா.

உபாத்தியாயர் கற்றுத்தந்தபடி, எழுகிற சூரியனைப் பார்த்துக் கைகளை இரண்டு பக்கமும் விரித்து நின்றேன். முகத்துக்கு நேரே கிழக்கு. இடக்கைப் பக்கம் வடக்கு, அங்கேதான் இந்தியா. வலக்கைப் பக்கம் தெற்கு. என் வலக்கையின் விரல் நுனிக்கு நேராக, காட்டுக்கு அப்பால், வெள்ளிக் கோடு மினுங்கியது.

அப்பா தம் இடக்கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நடந்து வந்தப்ப,” என்றார், “அண்ணன் தோள்ல உக்காந்திருப்பேன். காலையில வெயிலு இந்தக் கன்னத்துலதான் சுடும். தெனமும் இதுலதான். நான் அழுவேன். அவரு முண்டாசு அவுத்து இந்தப் பக்கமாத் தொங்கப் போடுவாரு.”

காலை வெயில் இடக்கன்னத்தில் விழுந்தால், நடந்தது தெற்கு நோக்கி. அப்படியானால் ஊர் முதுகுக்குப் பின்னால், வடக்கே. படத்தில் நான் பார்த்ததை அப்பாவின் கன்னம் ஒத்துக்கொண்டது. அதைப் பெருமையாகச் சொல்ல நான் வாயெடுத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் ஏனோ சொல்லவில்லை.

அப்படியானால் பின்னோடைதான். ஆனால் பின்னோடை எங்கே போகிறது? தேயிலை அரைக்கிற இஸ்டோர் வரை போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்பால் அது எங்கே திரும்புகிறது, எந்தத் தண்ணீரோடு சேர்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. பெண்கள் துவைத்த அழுக்கு அதில் போகும், அவ்வளவுதான். இங்கேயே கரைத்துவிடலாம், தண்ணீருக்கு வழி தெரியாதா என்றார் மாமா. அப்பா சம்மதிக்கவில்லை.

“அவரு என்னயப் பாதி வழியில எறக்கி உடல.”

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் அப்பா இரண்டு நாள் லீவு கேட்டபோது, “செத்தவருக்கு லீவு தேவையில்லையேப்பா, ஒனக்கு எதுக்கு?” என்றாராம் கங்காணி. ஆனாலும் கொடுத்தார். அந்த மனிதருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அம்மா சோற்றைக் கட்டிக் கொடுத்தாள். அப்பா கலயத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். மாமா சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டார். எனக்கு எடுக்க ஒன்றும் இல்லை. திசை சொல்வது என் வேலை.

பின்னோடையை அதுவரை நான் ஒரு ஓடை என்றே எண்ணியிருந்தேன். அன்றைக்குத்தான் அதற்கு எத்தனை குணம் என்று கண்டேன். லயத்துக்கு மேலே ஒரு பாறையின் அடியில், வியர்வை போலக் கசிந்து பிறக்கிறது. தேயிலை வரிசைகளுக்கு நடுவே, ஒரு சிறுவன் தாண்டிவிடும் அகலத்தில், முணுமுணுத்துக்கொண்டு இறங்குகிறது. இஸ்டோர் பக்கம் வந்ததும் அதைக் கட்டிக் குளமாக்கி, குழாய் வழியாக இறக்கி, பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றவைக்கிறார்கள்.

“நல்ல வேள மச்சான்,” என்றார் மாமா, சக்கரத்தைப் பார்த்து. “மேலயே கரைச்சிருந்தா பெரிய மச்சான இவனுங்க அரைச்சித் தூளாக்கி, பெட்டியில அடைச்சி, சீமைக்கு அனுப்பியிருப்பானுங்க.”

அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

சக்கரத்தை விட்டு வெளியே வந்த தண்ணீர் களைத்துப்போய் நுரை கக்கிக்கொண்டு, தோட்டத்தின் எல்லையில் பள்ளத்தாக்குக்குள் விழுந்தது. அங்கே பாதை இல்லை. பெரணிச்செடிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அட்டைகள் காலில் ஏறின. அப்பாவுக்கு இரண்டு கையும் கலயத்தில் இருந்ததால், அவர் காலில் ஏறிய அட்டைகளை நான்தான் குனிந்து குனிந்து பிய்த்துப் போட்டேன். வெயில் என் வலக்கன்னத்தில் விழுந்தது. காலை வெயில் வலக்கன்னத்தில் விழுந்தால் நாம் வடக்கே போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் தம் கன்னத்தைக் கவனித்துக்கொண்டு நடக்கிறார் என்பது தெரிந்தது.

பிறகு ஒரு பாறைமலை குறுக்கே வந்தது. ஓடை அதில் முட்டி, வலப்பக்கம் திரும்பியது. வெயில் வலக்கன்னத்திலிருந்து முகத்துக்கு நேரே வந்தது. இன்னும் திரும்பியது. வெயில் இடக்கன்னத்துக்குப் போய்விட்டது.

நாங்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தோம்.

“சரிதான்,” என்றார் மாமா. “ஒன் ஓட தோட்டத்துக்கே திரும்பிப் போவுது மருமகனே. பெரிய மச்சானுக்கு நாளைக்குப் பெரட்டுல பேரு போடணும்னு கங்காணி ஆளனுப்பியிருப்பாரு.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுவரில் தொங்கிய படத்தில் ஆறுகள் நீலக்கோடுகளாக ஒழுங்காக ஓடின. ஒரு பாறைக்காக இப்படித் திரும்பி ஓடும் என்று அதில் காட்டியிருக்கவில்லை. அப்பா தண்ணீர் போன வழியே நடந்தார். பாறைமலையைச் சுற்றி முடித்ததும் ஒரு பெரிய புல்வெளிக்கு வந்தோம். மரமே இல்லாத மொட்டைப் புல்மலை. அங்கே ஓடை மறுபடியும் திரும்பியது. ஆனால் எந்தப் பக்கம்? சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. இரண்டு கன்னத்திலும் வெயில் இல்லை.

சூரியன் சாய்கிற வரைக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சோற்று மூட்டையை அவிழ்த்தோம். கலயத்தைத் தொங்கவிட அங்கே ஒரு கிளையும் கிடையாது. அப்பா உட்காரவில்லை. நின்றபடியே, கலயத்தை இடக்கையால் அணைத்துக்கொண்டு, மாமா உருட்டிக் கொடுத்த சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். மாமா தாமே எழுந்து, “நான் புடிக்கிறேன் மச்சான், செத்த உக்காருங்க,” என்று கை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை.

மூன்று பேரும் அந்தப் புல்லில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு மெதுவாக அது என் வாழ்நாளில் நகர்ந்ததில்லை. கடைசியில் நிழல்கள் ஒரு பக்கமாக நீள ஆரம்பித்தன. நான் எழுந்து, தண்ணீர் போகும் பக்கம் முகத்தை வைத்து நின்றேன். வெயில் இடக்கன்னத்தில் பட்டது.

“எடதா? காலையில எடது பட்டப்ப தப்புன்ன?” என்றார் மாமா.

இப்போது சூரியன் மேற்கே இருக்கிறது, அதனால் இடக்கன்னம் பட்டால் வடக்கு என்று விளக்கினேன். மாமா இரண்டு கன்னங்களையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துவிட்டு, “காலையில வலது, சாயங்காலம் எடது. இந்தப் படிப்பெல்லாம் வயிறு நெறஞ்சவனுக்குத்தான்டா வெளங்கும்,” என்று சொல்லிச் சோற்று மூட்டையைச் சுருட்டினார். அப்பா என் தலையில் கை வைத்தார். ஒரு கணம்தான். பிறகு அந்தக் கை கலயத்துக்குத் திரும்பிவிட்டது.

புல்மலையை விட்டு இறங்க இறங்க ஓடைக்குத் துணை சேர்ந்துகொண்டே வந்தது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பெயர் தெரியாத நீரோட்டங்கள் வந்து கலந்தன. காலையில் நான் தாண்டிய ஓடையை இப்போது மாமாவே தாண்ட முடியாது. மலைச்சரிவுகளில் படிப்படியாகச் சிங்களக் கிராமத்தார் வயல்கள் தொடங்கின. அங்கே கல் அடுக்கித் தண்ணீரை வாய்க்கால்களாகப் பிரித்து வயலுக்குத் திருப்பியிருந்தார்கள். மேலே கரைத்திருந்தால் பெரியப்பாவில் பாதி நெல்லாக விளைந்திருப்பார். வரப்பில் நின்ற ஒரு கிழவர் கலயத்தையும் மஞ்சள் துணியையும் பார்த்தார். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் கடந்து போகிற வரைக்கும் வழிவிட்டு நின்றார்.

வெயில் தாழும் நேரத்தில் பதுளைப் பட்டணம் தெரிந்தது. எங்கள் ஓடை, பதுளு ஓயா என்ற பெரிய ஆற்றில் சேர்ந்து, தன் பெயரில்லாத பெயரையும் இழந்துவிட்டது. ஆற்றங்கரைச் சாலையில் ஒரு கடை இருந்தது. தொப்பி அணிந்த முதலாளி ஒருவர் வாசலில் கருவாட்டுச் சிப்பங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். பொதிமாடுகள் நான்கைந்து பக்கத்தில் அசைபோட்டு நின்றன.

“எங்கீந்து வாரீங்க?” என்றார். பிறகு கலயத்தைக் கண்டார். “உக்காருங்க, உக்காருங்க. அதெ கீழ வெக்க ஏலாது இல்லியா?”

வாசல் உத்தரத்தில் ஒரு கொக்கியில் வாழைக்குலை தொங்கியது. அவர் எழுந்து அந்தக் குலையை இறக்கித் தரையில் சாத்திவிட்டு, கொக்கியைக் காட்டினார். விடிந்ததிலிருந்து முதன்முறையாக அப்பா கலயத்தைக் கையிலிருந்து விட்டார். அவர் கைகள் மடங்கியபடியே இருந்தன. உடனே நீட்ட முடியவில்லை. வேற்று மதத்தவரான அந்த முதலாளி எங்கள் வழக்கத்தை எங்கே தெரிந்துகொண்டார் என்று நான் கேட்கவில்லை. பதுளையில் எந்தக் கடையில் வாழைக்குலை தொங்கக் கண்டாலும் இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா அவரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டார். அவருடைய பொதிமாடுகள் கிழக்குக் கரைக்குப் போய் உப்பும் கருவாடும் கொண்டுவருபவை. அவருக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குக் கீழே இந்த ஆறு ஒரு பெரிய அருவியாக விழுகிறது. பிறகு மகாவலி கங்கையோடு சேர்கிறது. காடுகளையெல்லாம் தாண்டித் திருகோணமலைக்குப் பக்கத்தில் கடலில் போய் விழுகிறது.

“ராமேஸ்வரத்துக்குப் போகாதுங்களா மொதலாளி?” என்றார் அப்பா.

முதலாளி என்னைப் பார்த்தார், கலயத்தைப் பார்த்தார்.

“ராமேஸ்வரம் மேக்கால கடல்ல. இது கெழக்கால விழுது.” கையிலிருந்த கருவாட்டுச் சிப்பத்தை அடுக்கில் வைத்தார். “ஆனா திருக்கணாமலயிலீந்து தோணிக்காரன் வடக்கால சுத்திக்கிட்டு அங்க போறான்தானே? மரத்தோணி போற எடத்துக்குத் தண்ணி போகாதா?”

அப்பா யோசித்தார். “சுத்திக்கிட்டுதான் வந்தோம்,” என்றார். “சுத்திக்கிட்டே போகட்டும்.” பெரியப்பா இறந்த பிறகு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

முதலாளி ஒரு துண்டு கற்பூரம் கொடுத்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போகும் நேரத்தில் அப்பா ஆற்றில் இறங்கினார். மார்பளவு தண்ணீரில் நின்று, துணியை அவிழ்த்து, கலயத்தைச் சாய்த்தார். சாம்பல் கொஞ்ச தூரம் வெள்ளையாக நீண்டு போய், பிறகு ஆறாகிவிட்டது. கரையில் நின்ற மாமா, “போயிட்டு வாங்க பெரிய மச்சான்,” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா கலயத்தை ஆற்றோடு விடவில்லை. துணியைக் கட்டி, கரைக்குக் கொண்டுவந்து, மறுபடியும் அதே கொக்கியில் மாட்டினார். வெறுங்கலயத்தை ஏன் மாட்டுகிறார் என்று நினைத்தேன். கேட்பதற்குள் தூங்கிப்போனேன்.

மறுநாள் சாலை வழியாகத் திரும்பினோம். லயத்தில் என் மதிப்பு ஏறியிருந்தது. மாமா நான் வழிகாட்டிய கதையை இரண்டு பங்காக்கிச் சொன்னார். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளிடம், பாருடா படிச்ச பையன, என்றார்கள். ஓடைக்கு வந்த பெண்கள் என்னைக் கண்டு, “அப்பு, இந்தத் தண்ணி திருக்கணாமலைக்கா போவுது?” என்று கேட்டார்கள். நான் பெரிய மனிதன் போலத் தலையசைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை. மழை விட்டு வானம் கழுவினாற்போல இருந்தது. அப்பாவைத் தேடி லயத்துக்கு முன்பக்கம் போனேன். அவர் கொய்யா மரத்திலிருந்து கலயத்தை எடுத்துக்கொண்டு முன்னோடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அது வெறுங்கலயம் அல்ல. அப்பா ஓடையில் நின்று, தெற்கே வெள்ளிக் கோடு மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு, மிச்சம் வைத்திருந்த சாம்பலை அதில் கரைத்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அது தப்பான கடல் என்று சூரியனை வைத்து நிரூபித்தாயிற்று. தம்முடைய கன்னமே சாட்சி என்று அப்பாவும் ஒத்துக்கொண்டாயிற்று. அப்புறமும் ஒரு பங்கை இந்தப் பக்கம் போடுவதென்றால், என் படிப்பில் அவருக்குப் பாதி நம்பிக்கைதான் என்றல்லவா அர்த்தம்? அம்மாவிடம் போய் அழுதேன். அப்பா என்னை நம்பவில்லை என்றேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, “நம்பாமத்தான் பதுள வரைக்கும் தூக்கிக்கிட்டு நடந்தாரா?” என்றாள். “ஒங்க பெரியப்பா போகணும்னு கேட்டது ஒரு கடலு. வாரா வாரம் மூஞ்சி பாத்தது இந்தக் கடலு. போ, போயி அட்டக்கடிக்குச் சுண்ணாம்பு வை.”

சுண்ணாம்பு வைத்துக்கொண்டேன். அம்மா சொன்னது மட்டும் விளங்கவில்லை. ஒரே மனிதர் எப்படி இரண்டு கடலுக்குப் போக முடியும், அதில் ஒன்று தப்பானது என்று தெரிந்த பிறகும் ஏன் போக வேண்டும் என்று, பல நாள் அப்பாவோடு சரியாகப் பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.